சோளன் விழுந்த கிணறு

அத்தியாயம் 11

சோளன் கிணற்றில் விழுந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். அதை வீடியோவில் பார்த்தவர்கள் ஒன்பது லட்சம் பேர்.

பூலாம்பாடிக்கு மேற்கே, மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் பாலசுந்தரத்தின் காட்டுக்கொட்டாயை அதற்கு முன்னால் பக்கத்து ஊர்க்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. இப்போது எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிறவர்கள்கூட டிராக்டரை மெதுவாக்கி, "சோளன் வூடு இதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லாம் அவர் மகன் பிரசாத்தின் வேலை. கோயம்புத்தூர் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்தவன், போன பங்குனியில் வீட்டு நாயை வைத்து 'சோளனும் நாங்களும்' என்று ஒரு சேனல் ஆரம்பித்தான். சோளத்தட்டைப் போருக்குள் கண் திறக்காத குட்டியாகக் கிடைத்த நாய் அது. நிறமும் மக்காச்சோள நிறம். பாலசுந்தரம்தான் அந்தப் பெயரை வைத்தார்.

சித்திரையில் சொட்டுநீர்க் குழாய் ஒழுகும் இடத்தில் பள்ளம் பறித்துப் படுத்துக் கிடந்த சோளன். ஆடியில் விதை ஊன்றும் பெண்களுக்கு முன்னால் மேஸ்திரி மாதிரி நடந்துபோன சோளன். புரட்டாசியில் கதிரைக் கொத்த வந்த கிளிகளோடு சண்டை போட்ட சோளன். ஒவ்வொன்றையும் ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒரு மழை நாளில், கீரியைத் துரத்திக்கொண்டு ஓடிய சோளன் கிணற்றுக்குள் விழுந்தான். மழையைப் படம் பிடித்துக்கொண்டிருந்த பிரசாத், போனை மோட்டார் ரூம் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் குதித்துக் காப்பாற்றினான். அந்த வீடியோவின் கடைசியில் பிரசாத்தின் அம்மா லீலாவதி வருவாள். ரேஷன் கடையிலிருந்து திரும்பியவள், நனைந்து நடுங்கிய நாயை மடியில் போட்டுக்கொண்டு, "என் சாமி, என் சாமி" என்று வாய்விட்டு அழுவாள்.

அந்த இடத்தில்தான் தாங்களும் அழுததாக ஊர் பேர் தெரியாத மனிதர்கள் எல்லாம் எழுதியிருந்தார்கள்.

அழுதவர்களில் ஒருத்தி ஆண்டிமடத்து அபிநயா. லீலாவதியின் மகள் வேணியை அந்த ஊரில்தான் கொடுத்திருந்தது. வேணியின் சின்ன மாமனார் அமிர்தலிங்கத்தின் ஒரே பெண் அபிநயா. நர்ஸிங் முடித்து ஜெயங்கொண்டத்தில் வேலை பார்த்தாள். வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தவள், வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஒரு நாய்க்காகக் கெணத்துல குதிக்கிற ஆளு நல்லவராத்தான் இருப்பாரு" என்று தானாகவே சொன்னாளாம்.

இன்று பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். வழக்கமில்லாத வழக்கமாகப் பெண்ணும் கூடவே வருகிறாள். நாயைப் பார்க்க வேண்டுமாம்.

லீலாவதி விடியலிலேயே எழுந்து வாசல் தெளித்து, ரவை வறுத்து வைத்துவிட்டாள். பொறுப்பாக ஓடி வேலை செய்ய வேண்டும் என்று முந்தின நாளே வந்துவிட்ட வேணி, தலைக்குக் குளிக்கப் போகும்போதே போனைப் பார்த்துவிட்டு உள்ளிருந்து கத்தினாள்.

"யம்மா! அபிநயா மெசேஜ் அனுப்பியிருக்கா. சோளன் காலு தேவலையான்னு கேக்குறா. ஒரு போட்டோ எடுத்து என் நம்பருக்கு அனுப்பு. நான் அவளுக்கு அனுப்பிடறேன்."

புதுப் போன் வாங்கிய பிரசாத், தன் பழைய போனைப் போன வாரம்தான் அம்மாவுக்குக் கொடுத்திருந்தான். லீலாவதி அதை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

சோளன் வைக்கோல் மேல் படுத்திருந்தான். அவளைப் பார்த்ததும் வாலை இரண்டு தட்டுத் தட்டினான். ஆனால் அவள் போனை உயர்த்தியதும் வால் நின்றது. காதுகள் மடங்கின. உடம்பு தரையோடு ஒட்டியது. வைக்கோலில் ஈரம் பரவியது.

"ஏன்டா? நான்தான்டா" என்றாள் லீலாவதி.

முன்னங்காலைப் பிடித்துப் பார்த்தாள். நான்கு நகம் வேரோடு பிய்ந்து போயிருந்தது. இருபத்திரண்டு நாளாக வேப்பெண்ணெயும் மஞ்சளும் போட்டும் ஒரு விரல் இன்னும் ஆறவில்லை. பிதுக்கினால் சீழ் வந்தது. ஒரு தடவை விழுந்ததற்கு இப்படியா நகம் போகும் என்று அவள் முன்பே நினைத்ததுண்டு. கேட்கவில்லை. கிணற்றுக் கல் கூரானது என்று தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டாள்.

படத்தை எடுத்துவிட்டு, அது எங்கே போனது என்று தேடினாள். எதையோ தொட, எதுவோ திறந்தது. குப்பைத் தொட்டி படம் போட்ட ஓரிடம். 'நீக்கப்பட்டவை 30 நாட்கள் இங்கே இருக்கும்' என்று தமிழில் எழுதியிருந்தது. கீழே வரிசையாக மூன்று சின்னப் படங்கள். மூன்றிலும் கிணறு.

லீலாவதி முதலாவதைத் தொட்டாள்.

தூறல். கிணற்று மேட்டில் சோளன் நிற்கிறான். பிரசாத் பின்னாலிருந்து வந்து இரண்டு கையாலும் அவனைத் தள்ளுகிறான். தண்ணீரில் விழும் சத்தம். சோளன் முங்கி எழுந்து, நீந்திப் படிக்கட்டுக்கு வந்து, ஏறி, உடம்பை உதறிக்கொள்கிறான். பிறகு நேராகப் பிரசாத்திடம் வந்து வாலாட்டுகிறான்.

"சீ, படியேறி வந்துட்டான்" என்று பிரசாத் சிரிப்பது கேட்டது.

லீலாவதி திரையைத் தடவிப் பார்த்தாள். நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்தத் தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டாள். இரண்டாவது தானாகவே ஓட ஆரம்பித்தது.

இந்த முறை படிக்கட்டு இல்லாத பக்கம். சோளன் கல் சுவரைப் பிறாண்டுகிறான். ஏறுகிறான், வழுக்குகிறான், மறுபடி பிறாண்டுகிறான். படம் ஆடவே இல்லை. யாரோ நிதானமாகக் கையில் பிடித்து, நாயின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகிறார்கள். சுவரில் சாய்த்து வைத்த போன் கிட்டே போகாது.

அப்போது போனுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இருடா, ஒடனே குதிக்காத. ரெண்டு தடவ முங்கி எந்திரிக்கட்டும். அப்பத்தான் பாக்குறவங்களுக்குப் பதறும்."

இருபத்தெட்டு வருடமாக அவள் பக்கத்தில் படுத்திருக்கும் குரல்.

மூன்றாவதில், கூப்பிட்டால் சோளன் வரவில்லை. வாலைக் கவட்டுக்குள் வைத்துக்கொண்டு பின்னால் பின்னால் போனான். பிரசாத் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து வந்து, பட்டையைக் கழற்றிவிட்டு, தூக்கி எறிந்தான். அதற்குப் பிறகு வருவதைத்தான் ஒன்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

லீலாவதி வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது. காலையில் குடித்த காபியின் ஆடை இன்னும் நாக்கில் ஒட்டியிருப்பதுபோல் இருந்தது. சேலைத் தலைப்பால் நாக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தன் அழுகைதான் முதலில் நினைவுக்கு வந்தது. 'என் சாமி, என் சாமி.' அதையும் பிடித்து, எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கட்டிக்கொண்டு அழுதபோது பிரசாத் எதிரே நின்று போனை நீட்டியது நினைவிருந்தது. பதற்றத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறான் பிள்ளை என்று நினைத்து, "நீயும் நனைஞ்சிருக்கியே, தலையத் தொவட்டுடா" என்று அவனுக்காகவும் அழுதாள்.

போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பாலசுந்தரம் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஊரில் யாரைக் கேட்டாலும் சாது என்பார்கள். டிராக்டரில் கரும்பு ஏற்றிப் போகும்போது வழியில் ஆட்டுக்குட்டி படுத்திருந்தால் இறங்கி விரட்டிவிட்டுத்தான் போவார். சோளனுக்குத் தன் தட்டிலிருந்து பிசைந்து வைப்பார்.

லீலாவதி போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். இரண்டாவது வீடியோ. அவர் தன் குரலைத் தானே கேட்டார். வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, கொப்பளித்துவிட்டு, வாயைத் துடைத்தார். எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தார்.

"இதெல்லாம் எதுக்குப் போட்டுப் பாக்குற?"

"நீங்களுமா?"

"என்ன நீங்களுமா? உசுருக்கு ஒண்ணும் ஆவலியே. கயிறு ரெடியா வச்சிருந்தோம். அவனுக்கு நீச்சல் தெரியும்."

"நகம் பேந்துபோயி கெடக்குதுங்க. ரெண்டு தடவ முங்கட்டும்னு சொல்றீங்க."

"பையன் மொத மொதல்ல ஒரு காரியத்துல ஜெயிச்சிருக்கான். அவனுக்கு ஒரு கல்யாணம் கூடி வர்ற நாளு. நீ நாய்க்கு நகம் பேந்துச்சுன்னு நிக்கிறியே." குரலை உயர்த்தவே இல்லை. "போ. போயி கேசரியக் கிண்டு."

அந்த நிதானத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட, தப்பு தெரிந்திருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

அடுப்படியில் வேணியிடம் காட்டினாள். வேணி ஈரத் தலையில் துண்டோடு நின்று மூன்றையும் பார்த்தாள். முகம் சுருங்கியது. லீலாவதிக்கு ஒரு நிமிடம் மூச்சு வந்தது. பெற்றதில் ஒன்றாவது தன் பக்கம்.

"அசிங்கமா இருக்கும்மா" என்றாள் வேணி. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "இங்க பாரு. இன்னிக்கு ஒரு நாளு வாய மூடிக்கிட்டு இரு. அவங்க எனக்கு மாமனார் வூட்டு ஆளுங்க. இது தெரிஞ்சா என்னைய அங்க உண்டு இல்லன்னு ஆக்கிப்புடுவாங்க. கல்யாணம் முடியட்டும். அப்பறம் நீ தம்பிய செருப்பால அடி. நானே எடுத்துத் தரேன்."

"அந்தப் பொண்ணு நம்பி வருதேடி."

"எந்தப் பொண்ணும்மா நெசத்தத் தெரிஞ்சு வந்துச்சு? நீ தெரிஞ்சா வந்த?"

லீலாவதி அடுப்பைப் பற்றவைத்தாள். கேசரியைக் கிண்டினாள். நெய் கக்கிக்கொண்டு, சட்டியில் ஒட்டாமல், மினுமினுவென்று திரண்டு வந்தது. அந்த மினுமினுப்பைப் பார்க்கப் பிடிக்காமல் தட்டைப் போட்டு மூடினாள்.

பதினோரு மணிக்குக் கார் வந்தது.

அமிர்தலிங்கம் பெரிய உடம்புக்காரர். ஐந்து ஏக்கர் முந்திரித் தோப்பும் ஒரு கொட்டை உடைக்கும் மில்லும் அவருக்கு இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்ததும், "சம்பந்தி, வழியெல்லாம் உங்க வூட்டு நாய் பேரச் சொல்லித்தான் வழி கேட்டோம்" என்று சிரித்தார். பாலசுந்தரமும் சிரித்தார். பிரசாத் வெள்ளை வேட்டியில், கமகமவென்று செண்ட் போட்டுக்கொண்டு, பணிவாகக் கை கட்டி நின்றான்.

அபிநயா சிரித்த முகமாக இருந்தாள். உயரமில்லாத, துறுதுறுவென்ற பெண். லீலாவதி நீட்டிய கேசரித் தட்டை வாங்கிக்கொண்டு, "அத்தை, நீங்க அழுததைப் பாத்து எங்க ஹாஸ்டல்ல பதினாறு பேரு அழுதோம்" என்றாள்.

லீலாவதிக்குக் காது மடல் சுட்டது. "சாப்புடு தாயி" என்று மட்டும் சொன்னாள்.

பேச்சு முந்திரி விலை, கோழித் தீவனம், மழை என்று போனது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. லீலாவதி சுவரோரம் நின்றபடி, இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் அரை மணி நேரம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்துவிடுவோம் என்றுதான் அவள் நினைத்தாள். அப்படி நினைத்த தன் மேலும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"சோளன் எங்க?" என்றாள் அபிநயா.

பிரசாத் அதற்காகவே காத்திருந்தவன்போல எழுந்தான். "கொட்டகையில இருக்கான். இருங்க, கெணத்துகிட்ட கூட்டியாரேன். நீங்க அவன மொத மொதல்ல பாக்குறத ஒரு வீடியோ எடுத்துடலாம். மாமா, நீங்களும் வாங்க. அக்கா, நீ போனப் புடி."

எல்லோரும் வெளியே வந்தார்கள். லீலாவதி காபித் தம்ளர்கள் வைத்த தட்டோடு பின்னால் வந்தாள்.

பிரசாத் கொட்டகைக்குள் போய்க் கயிற்றை அவிழ்த்தான். சோளன் எழவில்லை. "வாடா ராஜா, வாடா" என்று வேணியின் கையிலிருந்த போனைப் பார்த்துச் சிரித்தபடி இழுத்தான். நாய் நான்கு காலையும் ஊன்றி வைக்கோலோடு தரையில் தேய்ந்துகொண்டு வந்தது. இனம் தெரியாத சத்தம் ஒன்று அதன் தொண்டையிலிருந்து வந்தது. குரைப்பு இல்லை, ஊளையும் இல்லை. அழுக்குப் பாத்திரத்தைத் தரையில் இழுப்பதுபோல் ஒரு சத்தம். பாதி வாசலில் மூத்திரம் விட்டது. பிரசாத்தின் வேட்டிக் கரை நனைந்தது.

"ச்சே!" என்றவன், உடனே சிரிப்பைத் திருப்பிக் கொண்டுவந்தான். "வெக்கப்படறான்."

அபிநயா சிரிக்கவில்லை. "எதுக்கு இப்படிப் பயப்படுது?"

"கெணறுன்னாலே அவனுக்குப் பயங்க. அன்னிக்கு விழுந்ததுலேருந்து."

"கெணறு அங்க இருக்கு." அவள் தூரத்தில் கை நீட்டிக் காட்டினாள். "அவன் அந்தப் பக்கம் பாக்கவே இல்லியே. உங்களப் பாத்துல்ல பயப்படறான்?"

வேணி போனைக் கீழே இறக்கினாள். பாலசுந்தரம் தொண்டையைச் செருமினார். அபிநயா திரும்பி லீலாவதியைப் பார்த்தாள்.

"ஏன்த்தை?"

வேணி கண்ணாலேயே கெஞ்சினாள். லீலாவதி கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். ஐந்து தம்ளர் காபியிலும் ஆடை படிந்து சுருங்கியிருந்தது. தட்டைத் துவைக்கிற கல் மேல் வைத்தாள்.

"அவன் விழல தாயி" என்றாள். "இவன் தள்ளிவுட்டான். மூணு தடவ. எங்க வூட்டுக்காரரு படம் புடிச்சாரு."

"லீலா!" என்றார் பாலசுந்தரம். இப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது.

"அம்மாவுக்கு ரெண்டு நாளா ஜுரங்க, மாமா" என்று பிரசாத் அமிர்தலிங்கத்தைப் பார்த்துச் சொன்னான். அவ்வளவு சுலபமாக வந்தது பொய். தன் பிள்ளை பொய் சொல்லும்போது முகம் எப்படி இருக்கும் என்று லீலாவதி அன்றுதான் பார்த்தாள். அது நிஜம் சொல்லும்போது இருக்கும் அதே முகம்தான்.

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து அபிநயாவிடம் கொடுத்தாள்.

அந்தப் பெண் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தாள். முதலாவது. இரண்டாவது. போனிலிருந்து பாலசுந்தரத்தின் குரல் வாசல் முழுக்கக் கேட்டது. 'ரெண்டு தடவ முங்கி எந்திரிக்கட்டும்.' மூன்றாவதில் சோளனைத் தூக்கும் இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அமிர்தலிங்கம் பெரிதாகச் சிரித்தார்.

"அட, இதுக்கா இந்தப் பேச்சு? யாவாரம்னா நாலும் இருக்கும் சம்பந்தி. சினிமாவுல மட்டும் நெசமாவா சாவுறான்? மாப்ள புத்திசாலிதான்." பிரசாத்தின் தோளில் தட்டினார். பிரசாத் நெளிந்துகொண்டே சிரித்தான். பாலசுந்தரமும் சிரித்தார். மூன்று ஆண்களும் சிரித்து நிற்க, மூத்திர நாற்றமும் செண்ட் நாற்றமும் கலந்து வந்தன.

அபிநயா வாசல் தொட்டியில் இரண்டு கையையும் கழுவினாள். முழங்கை வரைக்கும் கழுவினாள். பிறகு லீலாவதியிடம் வந்து, போனைத் திருப்பிக் கொடுத்து, "உங்க நம்பரச் சொல்லுங்கத்தை" என்று மெதுவாகக் கேட்டாள். குறித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் போய் உட்கார்ந்தாள்.

வேணியும் அந்தக் காரிலேயே கிளம்பினாள். பையைத் தூக்கும்போது, "எனக்கு நல்லது பண்ணிட்டம்மா" என்று மட்டும் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது. லீலாவதி அவள் கையைத் தொடப் போனாள். வேணி கையை எடுத்துக்கொண்டாள்.

கார் போனதும் பாலசுந்தரம் அடுப்படிக்குப் போய் மிச்சமிருந்த கேசரியைச் சட்டியோடு எடுத்து வந்து சாப்பிட்டார். விரலில் ஒட்டிய நெய்யை நக்கினார்.

"நெறஞ்சுதா மனசு?" என்று கேட்டார்.

லீலாவதி அந்த வாயைப் பார்த்தாள். ஆட்டுக்குட்டிக்காக டிராக்டரை நிறுத்தியவர் இவர்தானா, இல்லை அதுவும் யாராவது பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்காகவா என்று முதல் தடவையாக யோசித்தாள். அப்படி ஒரு யோசனை வந்த பிறகு, சேர்ந்து வாழ்ந்த வருடங்கள் ஒவ்வொன்றையும் அவள் சந்தேகத்தோடு திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. சட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக் கழுவப் பிடிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

சோளனுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் காலைக் கழுவினாள். சீழை வழித்துத் துணியில் துடைத்தாள். அது அவளுக்கு அருவருப்பாக இல்லை. கொட்டகையில் அந்த நேரத்தில் சுத்தமாக இருந்தது அது ஒன்றுதான் என்று தோன்றியது.

மூன்று மணி இருக்கும். பிரசாத் வந்தான். வேட்டியை மாற்றிப் பழைய கைலி கட்டியிருந்தான். கண் சிவந்திருந்தது. கொட்டகை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவள் காலடியில் வந்து உட்கார்ந்தான்.

"தப்புப் பண்ணிட்டம்மா."

லீலாவதி சோளனின் காலில் துணியைச் சுற்றினாள்.

"வேலைய வுட்டுட்டு வந்ததுலேருந்து ஊருல ஒருத்தன் என்னைய மதிக்கல. அப்பாவே மதிக்கல. மொத தடவையா அவரே கூட நின்னாரும்மா. அதுல எனக்குக் கண்ணு தெரியாமப் போச்சு. சோளன் என்னையப் பாத்து நடுங்குறப்பல்லாம் எனக்குச் செத்துறலாம்போல இருக்கும்மா." குரல் உடைந்தது. அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். சின்ன வயதில் பரீட்சையில் தோற்று வந்த நாளில் அழுத மாதிரியே தோள் குலுங்கியது.

எத்தனை ஆனாலும் பிள்ளை. லீலாவதியின் கை தானாக அவன் தலைக்குப் போனது. "அவங்கிட்ட மன்னிப்புக் கேளுடா" என்றாள். "எங்கிட்ட எதுக்குக் கேக்குற?"

பிரசாத் உடனே நிமிர்ந்து நாயின் பக்கம் கையை நீட்டினான். நீட்டும்போது லேசாக வலது பக்கம் திரும்பி உட்கார்ந்தான். எதற்காகத் திரும்புகிறான் என்று லீலாவதி பார்த்தாள்.

தவிட்டு வாளியின் மேல் அவனுடைய புதுப் போன் நின்றிருந்தது. திரையில் அவளும் அவனும் நாயும் தெரிந்தார்கள். மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டு விட்டு மின்னியது.

அவன் தலைமேல் இருந்த கையை அவள் எடுத்தாள். எடுத்த கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"இல்லம்மா, கேளு." பிரசாத்தின் அழுகை நின்றுவிட்டிருந்தது. "அந்தப் பொண்ணு வெளிய எங்கியாச்சும் சொல்லிடுச்சுன்னா சேனல் போயிரும். அதுக்கு முன்னாடி நாமளே மன்னிப்புக் கேட்டு ஒண்ணு போட்டுட்டா சனம் ஏத்துக்கும். நெசமாத்தாம்மா அழுதேன். நெசமா அழுதத எடுத்தா என்ன தப்பு?"

லீலாவதி எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனாள். எருக்குழி ஓரத்தில் குனிந்து வாந்தியெடுத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் பித்தத் தண்ணீர்தான் வந்தது. நிமிர்ந்தபோது பிரசாத் போனோடு வீட்டுக்குள் போய்விட்டிருந்தான். சோளன் கயிறு எட்டிய மட்டும் வந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது இடுப்பிலிருந்த பழைய போன் அடித்தது.

"அத்தை, நான் அபிநயா. பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

"இல்ல தாயி. சொல்லு."

"இன்னும் பெரம்பலூர்லதான் இருக்கோம், பெரியம்மா வூட்ல. அப்பா இப்ப உங்க வூட்டுக்குப் போன் பண்ணப் போறாரு. சம்மதம்னு சொல்லப் போறாரு. நான் முடியாதுன்னுட்டேன். அவரு கேக்க மாட்டேங்குறாரு. நான் பாத்துக்கறேன். அது என் பாடு." மூச்சு வாங்கினாள். "உங்கள ஒண்ணு கேக்கணும். சோளன எனக்குத் தருவீங்களா?"

லீலாவதி சோளனைப் பார்த்தாள்.

"அங்க இருந்தா மார்கழிக்கு ஒண்ணு, கோடைக்கு ஒண்ணுன்னு எதையாச்சும் பண்ணிக்கிட்டேதான் இருப்பாங்க. நீங்க எத்தன நாளு காவல் இருப்பீங்க? உங்களுக்கு அவன் ஒருத்தந்தான்னு தெரியுது அத்தை. தெரிஞ்சேதான் கேக்குறேன்."

சோளன் கயிற்றோடு இன்னும் ஒரு அடி வந்தான். கழுத்து நெரிபட்டும் பின்வாங்காமல் நின்றான். அவளை நோக்கி மட்டும்தான் அவன் இப்போது அப்படி வருவான். அவனைக் கொடுத்துவிட்டால் இந்த வீட்டில் அவள் யார் முகத்தைப் பார்ப்பாள்? யார் சாப்பிட்ட தட்டை எடுப்பாள்?

உள்ளே பாலசுந்தரத்தின் போன் அடித்தது. "சொல்லுங்க சம்பந்தி!" என்ற குரல் அடுத்த நொடியே பூரித்தது. "அப்படியா! ரொம்ப சந்தோசம்! ரொம்ப சந்தோசம்!"

"அத்தை? இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ இங்க வராத" என்றாள் லீலாவதி. "அஞ்சு மணிக்குப் பால் வண்டி வரும். பெரம்பலூர் வரைக்கும் எங்கள ஏத்திக்குவான். புது பஸ் ஸ்டாண்டு வாசல்ல வந்து நில்லு."

"எங்களன்னா? நீங்களுமா அத்தை?"

"ஏ லீலா!" உள்ளிருந்து பாலசுந்தரம் கூப்பிட்டார். "கை காலு கழுவிட்டு உள்ள வா. நல்ல சேதி வந்துருக்கு! வெளக்கேத்து!"

லீலாவதி உள்ளே போகவில்லை. சோளனின் கயிற்றை முளையிலிருந்து அவிழ்த்து, தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மக்காச்சோளத்துக்கு நடுவே ரோட்டுக்குப் போகும் வரப்பில் இறங்கினாள்.